அற்புதராஜ் வரைந்த கை

அற்புதராஜ் நாற்பத்தொரு வயதில் படம் வரைய உட்கார்ந்தார். முதல் நாள் அவர் வரைந்தது கொஞ்சம், அழித்தது நிறைய. மகள் எஸ்லினின் டிராயிங் நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு மனிதக் கையைக் காகிதத்துக்குக் கொண்டுவர ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் பாடுபட்டார். தாள் தேய்ந்து ஓட்டை விழும் நிலைக்கு வந்துவிட்டது. கை மட்டும் வரவில்லை.

துணி மடித்துக்கொண்டே அந்தப் பக்கம் வந்த ஜெபமணி, கணவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இது என்னது, முருங்கக்கா கட்டா?"

"கை."

"யாரு கை?"

அற்புதராஜ் ரப்பர் தூளை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அவர் வேலை செய்த கம்பெனி ஓசூர் சிப்காட்டில் இருந்தது. வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்களை பிரஸ் மெஷினில் அடித்துக் கொடுக்கும் இடம். அங்கே ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதம் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். சட்டையில் பச்சை பேட்ஜ் குத்துவார்கள். எல்லோரும் வரிசையில் நின்று உறுதிமொழி சொல்வார்கள். லட்டும் மிக்சரும் கிடைக்கும். தொழிலாளிகளுக்கு ஓவியப் போட்டியும் உண்டு. முதல் பரிசு பிரஷர் குக்கர். பெரும்பாலும் யாரும் தாங்களே வரைவதில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வரையச் சொல்லி, அடியில் தங்கள் பெயரையும் டோக்கன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தலையில் ஹெல்மெட், கையில் உறை, வாயெல்லாம் பல்லாக ஒரு மனிதன்: வருஷா வருஷம் இதே படம்தான் கேன்டீன் சுவரில் தொங்கும்.

பதினோரு வருஷ சர்வீசில் அற்புதராஜ் ஒரு தடவைகூடப் போட்டிக்குப் பெயர் கொடுத்ததில்லை. 2006இல்தான் முதன்முறையாக சூப்பர்வைசர் பரமசிவத்தின் மேஜைக்குப் போய் ஒரு சார்ட் அட்டை கேட்டார்.

"என்ன ராஜு, குக்கர் மேல கண்ணா?" என்று சிரித்தபடியே பரமசிவம் அட்டையைச் சுருட்டிக் கொடுத்தார்.

குக்கர் மேல் அவருக்குக் கண் இல்லை. அவருக்குள் வேறொன்று கிடந்து அரித்துக்கொண்டிருந்தது.

அவர் ஓட்டிய மெஷின் பழையது. அதில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என இரண்டு பட்டன்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருக்கும் இரும்பு அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டன்மேல் இருக்கும்போது எந்தக் கையும் அச்சுக்குக் கீழே இருக்க முடியாது. அப்படி யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாட்டின்படி ஓட்டினால் ஒரு ஷிப்டுக்குச் சொல்லப்பட்ட எண்ணிக்கை வராது. அதனால் எல்லோரும் ஒரு வேலை செய்வார்கள். பெட்டியட்டையைக் கிழித்து, நாலாக மடித்து, வலப்பக்கப் பட்டனை அழுத்தி அதன் இடுக்கில் செருகிவிடுவார்கள். அது அழுந்தியபடியே நிற்கும். அப்புறம் இடது கைப் பட்டன் ஒன்றே போதும். வலது கை தகட்டை எடுக்கவும் வைக்கவும் ஓயாமல் போய் வரலாம். மேலே இருப்பவர்களுக்கும் இது தெரியும், தெரியாதது போல இருப்பார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஷிப்ட் முடியும்போது, வைத்தவன் அட்டையை எடுத்துவிட்டுப் போக வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் யாரும் மீறியதில்லை.

அதற்கு முந்தைய டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் அற்புதராஜ் மறந்துவிட்டார். கிறிஸ்துமஸ் துணி எடுக்க வேண்டும், கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது என்ற அவசரத்தில், கை கழுவி, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அட்டை பட்டனிலேயே இருந்தது. இரண்டாம் ஷிப்டுக்கு அந்த மெஷினுக்கு வந்தவன் ஜெகதீஷ். பாகலூர்ப் பையன், இருபத்திரண்டு வயது, கான்ட்ராக்டில் சேர்ந்து நாலு மாதம். வலது கையால் தகட்டைச் சரிசெய்துகொண்டே இடது கையை எதேச்சையாகப் பட்டன்மேல் ஊன்றியிருக்கிறான். வலது பட்டனைத் தொடாதவரை அச்சு இறங்காது என்று நம்பியிருந்தான். அச்சு இறங்கிவிட்டது. இரண்டு விரல்கள் போயின.

பட்டனில் அட்டை இருந்ததைப் பார்த்த பரமசிவம், ஜெகதீஷ்தான் வைத்தான் என்று ரிப்போர்ட் எழுதினார். வேறு எப்படி எழுதுவார்? விபத்து நடந்தபோது மெஷினில் இருந்தவன் அவன்தானே. அவனுடைய தவறால் நேர்ந்த விபத்து என்று ஆனதால் அவனுக்கு வேலையும் இல்லை, கம்பெனியிலிருந்து வேறு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவோடு கணக்கு முடிந்தது.

உண்மை தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மூன்று முறை பரமசிவத்தின் மேஜை வரை போனார். ஒரு தடவை லீவு கேட்டுவிட்டுத் திரும்பினார். ஒரு தடவை மெஷினில் எண்ணெய் ஒழுகுகிறது என்றார். மூன்றாவது தடவை, "ஒண்ணுமில்ல சார்" என்றார். பிறகு கடிதமாக எழுதிப் பார்த்தார். 'அன்றைக்கு அவசரத்தில்' என்று தொடங்கினால் அடுத்த வரியில் பஸ் வந்தது. அதற்கடுத்த வரியில் எண்ணிக்கை, அதற்குப் பின்னால் எல்லோரும் செய்வதுதானே என்ற சமாதானம். எத்தனை முறை எழுதினாலும் கடிதம் அவரைக் காப்பாற்றும் பக்கமாகவே சாய்ந்தது. மனிதன் தன் குற்றத்தை எழுத உட்கார்ந்தால் பேனாவே வக்கீலாகிவிடும். நல்ல மனிதர்களுக்கும் இப்படித்தான்.

சார்ட் அட்டை கேட்கும் எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது. படத்தில் காரணம் எழுத இடம் இருக்காது. மெஷினும் பட்டனும் அட்டையும், பையோடு போகிற ஆளும், அச்சுக்குக் கீழே ஒரு கையும் இருந்தால் போதும்.

மெஷின் எளிதாக வந்தது. ஐ.டி.ஐ.யில் படித்தவர், ஸ்கேல் வைத்துக் கோடு போடும் கை. இரண்டு நாளில் அது அச்சு அசலாக வந்து நின்றது. பையோடு போகும் ஆளையும் ஒருவாறு வரைந்துவிட்டார். முதுகுதானே தெரிகிறது! கையில்தான் எல்லாம் நின்றுபோயிற்று. கைக்கு ஸ்கேல் உதவவில்லை.

"அழுத்தாதீங்கப்பா. மொதல்ல லேசாப் போடணும். அப்பத்தான் அழிச்சா தடம் தெரியாது" என்றாள் எஸ்லின். ஆறாம் வகுப்பு. அவளுக்குத் தெரிந்தது அப்பாவுக்குத் தெரியவில்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

லேசாகப் போட்டுப் பார்த்தார். தன் இடது கையை மேஜைமேல் வைத்து, அதைப் பார்த்தே வரைந்தார். பத்துப் பன்னிரண்டு கைகள் கெட்ட பிறகு, பார்த்தால் கை என்று சொல்லும்படி ஒன்று வந்தது. ஆனால் அது அவருடைய கை. ஐந்து விரலும் நன்றாக இருக்கிற கை. அதை அச்சுக்குக் கீழே வைத்தால் படம் பொய் சொல்லும் என்று தோன்றியது. ஜெகதீஷின் கை இப்போது எப்படி இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. விபத்து நடந்த மூன்றாம் நாள் ஷிப்ட் ஆட்களோடு சேர்ந்து ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டுப் போட்ட கையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தார். அதோடு சரி.

இதற்கிடையில் ஜெபமணி ஒன்றைக் கவனித்துவிட்டாள். அவர்கள் திருச்சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து; பீடத்தின் முன் மண்டியிட்டு அப்பமும் திராட்சரசமும் பெறுவார்கள். ஜனவரியில் எல்லோரும் எழுந்து பீடத்தண்டை போனபோது அற்புதராஜ் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பிப்ரவரியிலும் அப்படியே. மனதில் தீராத குற்றத்தை வைத்துக்கொண்டு அந்த அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள்.

"என்ன, மார்ச் மாசமும் உக்காந்தே இருப்பியளா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

"பாப்போம்."

அவள் மறுநாள், சபையின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக வாங்கி வைத்திருந்த கலர் பென்சில் பெட்டியை எடுத்து, எல்லாவற்றையும் கூராகச் சீவி, அவர் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். கேள்வி கேட்காமல் பென்சில் சீவித் தருவதும் ஒரு ஜெபம்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

பிப்ரவரி கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அற்புதராஜ் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு பாகலூர் பஸ் ஏறினார்.

ஜெகதீஷின் வீடு ரோஜாப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூடாரங்களைத் தாண்டி, சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு வரிசையில் இருந்தது. அவன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் பூண்டு உரிக்க முயன்றுகொண்டிருந்தான்.

"வாங்கண்ணா! என்னா இந்தப் பக்கம், பஸ் மாறி ஏறிட்டீங்களா?"

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

"ரெண்டு மாசம் கழிச்சா? ஆர்லிக்ஸ் தீந்தே ஒரு மாசம் ஆச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் அம்மா சரோஜம்மாள் உள்ளிருந்து வந்து, "ஊட்டா ஆயிதா?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, "சாப்ட்டீங்களாப்பா?" என்று தமிழிலும் கேட்டாள். காபி போட உள்ளே போனாள்.

அற்புதராஜ் சார்ட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். "பாதுகாப்பு வாரத்துக்குப் படம் ஒண்ணு போடுதேன், ஜெகதீசு. எல்லாம் வந்துட்டு. கை மட்டும் வரமாட்டேங்குது. உன் கையைப் பாத்து வரையலாமான்னு..."

"என் கையவா?" ஜெகதீஷ் மடியில் துண்டுக்குக் கீழே இருந்த வலது கையை வெளியே எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "நல்ல கையாப் பாத்துத்தான் வந்திருக்கீங்க. ரெண்டு வெரல் கம்மி. ஒங்களுக்கு வேல மிச்சம்."

"டேய், பெரியவங்ககிட்ட என்னா பேச்சு அது?" என்று உள்ளிருந்து அம்மா அதட்டினாள்.

பூண்டுத் தட்டை நகர்த்திவிட்டு அவன் கையை முக்காலிமேல் வைத்தான். அற்புதராஜ் சார்ட்டில் மற்ற பாகங்கள் தெரியாமல் மடித்துப் பிடித்துக்கொண்டு, கைக்கு விட்டு வைத்திருந்த இடத்தில் பென்சிலை வைத்தார்.

வரைய வேண்டுமானால் பார்க்க வேண்டும். அதை அவர் அதுவரை யோசித்ததில்லை. நகத்தின் அளவு, தோலில் விழும் மடிப்பு, தையல் போட்ட இடத்தில் இளஞ்சிவப்பாக வளர்ந்திருந்த புதுச் சதை, ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடம் வெறுமையாகி, மோதிர விரல் அந்த இடத்தை நோக்கிக் கொஞ்சமாகச் சாய்ந்திருந்த விதம்: ஒவ்வொன்றையும் கண்ணால் தொட்டுவிட்டுத்தான் கோடு போட முடிந்தது. ஆஸ்பத்திரியில் ஜன்னலைப் பார்த்த கண் இப்போது நகர வழியில்லாமல் அங்கேயே நின்றது. ஒரு கோட்டை நாலு தரம் போட்டார்.

கையை அசைக்காமல் வைத்திருந்த ஜெகதீஷ் கொஞ்ச நேரத்தில் பேச ஆரம்பித்தான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? அட்டைய நான்தான் வெச்சனா?"

பென்சில் நின்றது.

"பரமசிவம் சார் எழுதிக்கினு போனாரில்ல, அப்ப நான் வெக்கவேல்லன்னுதான் சொன்னேன். எல்லாரும் நீதான்டா, நீதான்டான்னு சொல்லச் சொல்ல எனக்கே டவுட்டு வந்திரிச்சி. வெச்சிருப்பனோ என்னவோ. எவ்ளோ யோசிச்சாலும் ஞாபகம் வர்ல. எங்கம்மாகிட்ட என் தப்புதான்னு சொல்லிட்டேன். அதுக்கு ஒரு நாள் பூரா அழுதுச்சி."

அற்புதராஜ் சுண்டு விரலை முடித்தார். நகம் போட்டார். அதற்குமேல் போடுவதற்கு ஒன்றும் இல்லை.

"ஆச்சா? குடுங்க பாப்போம்."

அவர் மடிப்பைப் பிரித்து முழுச் சார்ட்டையும் நீட்டினார். ஜெகதீஷ் இடது கையால் வாங்கி, முழங்காலில் பரப்பிப் பார்த்தான்.

"மெசின் சூப்பரா இருக்குதண்ணா. அட, பட்டன்ல அட்டகூடப் போட்டுட்டீங்க." அவன் விரல் நகர்ந்து ஓரத்துக்குப் போனது. "இது யாரு, பையத் தூக்கிக்கினு போறது?"

"நான்."

"நீங்க எதுக்கு இதுல?"

"அட்டைய வச்சது நான்தான்லே. அன்னைக்கு எடுக்க மறந்துட்டேன்."

மூன்று முறை மேஜை வரை போய்த் திரும்பிய சொல், இவ்வளவு சின்னதாக, இருமல் போல வெளியே வந்து விழுந்தது. ஜெகதீஷ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வலது கையை மெல்ல முக்காலியிலிருந்து எடுத்துத் துண்டுக்குக் கீழே வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் கோபம் வருவதற்கு முன்னால் ஏதோ ஒரு ஆறுதல் வந்துபோனதை அற்புதராஜ் பார்த்தார். தான் வைக்கவில்லை என்ற ஆறுதல். அதைப் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"ரெண்டு மாசம்" என்றான் ஜெகதீஷ். "ரெண்டு மாசமா தெரியுமா உனக்கு?"

அண்ணா இல்லை, நீங்க இல்லை.

"தெரியும்."

"எந்திரிச்சிப் போ."

அற்புதராஜ் எழுந்தார். அப்போது உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. ஜெகதீஷ் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னான்: "அம்மா காபி எடுத்துக்கினு வருது. குடிச்சிட்டுப் போ."

குடித்தார். கொதிக்கக் கொதிக்கக் குடித்தார். சரோஜம்மாள் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றார்.

அன்று மாலை ஜெபமணியிடம் சொன்னார். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"கம்பெனிக்கும் சொல்லணுமே."

"சொல்லணும். அதுக்குத்தான் படம்."

"வேலை போயிரும்."

"போயிரும்."

பஸ்ஸில் சுருட்டியும் மடித்தும் கொண்டுவந்ததில் சார்ட் நெளிந்து கிடந்தது. அவள் அதை எடுத்து, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு, மெத்தைக்குக் கீழே சமமாக விரித்து வைத்தாள். காலையில் படம் கொஞ்சம் நேராகியிருந்தது.

மார்ச் நாலாம் தேதி, லட்டு வாங்கும் வரிசை கலைந்த பிறகு அற்புதராஜ் படத்தைப் பரமசிவத்தின் மேஜைமேல் விரித்தார். பரமசிவம் முதலில் சிரித்தார்; பிறகு கண்ணாடியை மாட்டினார்; பிறகு கதவைச் சாத்தினார்.

"இத மாட்ட முடியாது ராஜு. ஹெல்மெட் போட்ட மாதிரி ஏதாச்சும் வரைஞ்சு எடுத்துட்டு வா."

"மாட்ட வேண்டாம் சார். பாத்தாப் போதும். பையோட போறது நான்தான்."

"நான் பாக்கலன்னு வெச்சிக்கோ. ஒனக்கு ஒரு பொண்ணு இருக்குது."

"அவனுக்கு ஒரு அம்மா இருக்கு சார்."

பரமசிவம் கெட்டவர் இல்லை. தன் பெயரும் அதில் அடிபடும் என்று தெரிந்தும், அரைமணி நேரம் நெற்றியைத் தேய்த்துவிட்டு, கடைசியில் சார்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பித் தந்தார். "தேதி போட்டுக் கையெழுத்துப் போடு" என்றார். அன்றே சஸ்பெண்ட்.

மறுநாள் முதல் ஞாயிறு. அற்புதராஜ் எழுந்து பீடத்தண்டை போனார். மண்டியிட்டபோது மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தார். லேசாகவில்லை. அடுத்த மாத வாடகையும் எஸ்லினின் பள்ளிக்கூடமும்தான் நினைவில் வந்தன. ஆனாலும் கை நீட்ட முடிந்தது. ஆண்டவர் சில சமயம் அவ்வளவுதான் தருகிறார், அதுவும் போதும் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பதினைந்து நாள் கழித்து விசாரணை நடந்தது. ஜெகதீஷையும் வரச்சொல்லியிருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் சார்ட் விரிந்து கிடந்தது. அற்புதராஜிடம் கேட்டதற்கெல்லாம் அவர் ஆமாம் என்றார். பிறகு ஜெகதீஷிடம் கேட்டார்கள்: இவர் வேண்டுமென்றே விதியை மீறி நடப்பவரா?

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவன் அற்புதராஜைப் பார்க்கவில்லை.

"அட்ட வெக்காம அந்தக் கணக்கு வராது சார். எல்லாரும்தான் வெப்பாங்க. நானே வேற நாள்ல வெச்சிருக்கறேன். அன்னிக்கு வெக்கல. அவ்ளோதான்."

எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

வெளியே வராந்தாவில் பரமசிவம் இருவரையும் நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார். எழுத்தில் வர ஒரு வாரம் ஆகும். ஜெகதீஷ்மேல் தப்பில்லை என்று ரிப்போர்ட்டை மாற்றுகிறார்கள்; சேர வேண்டியது சேரும்; அவனுக்கு ஸ்டோர்ஸில் வேலை கேட்டிருக்கிறது, பார்க்கலாம். "நீ வேற எடம் பாத்துக்கோ ராஜு. கம்பெனி பேட்ஜ இங்கயே குடுத்துட்டுப் போ." மெஷின்களுக்குப் புதுப் பட்டன் வருமா என்று அற்புதராஜ் கேட்டார். பரமசிவம் பேட்ஜுக்காகக் கையை நீட்டினார்.

சிப்காட் பஸ் நிறுத்தத்தில் இருவரும் ஐந்தடி தள்ளித் தள்ளி நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. லாரிகள் கர்நாடகப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன.

பாகலூர் பஸ் வந்தது. ஷிப்ட் விட்ட கூட்டம் படியில் தொற்றியது. ஜெகதீஷ் ஒரு காலைப் படியில் வைத்து, பழக்க தோஷத்தில் வலது கையால் கம்பியைப் பிடித்தான். மூன்று விரல்களுக்குள் கம்பி நிற்கவில்லை. கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். அற்புதராஜ் ஓடிப்போய் அவன் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கி, உள்ளே ஏற்றிவிட்டார். ஜெகதீஷ் அந்தக் கையை உதறவில்லை. ஏறி, ஜன்னலோரம் ஒருவரை நெருக்கிக்கொண்டு நின்றான்.

பஸ் நகர ஆரம்பித்தபோது குனிந்து வெளியே பார்த்தான்.

"கட்ட வெரலு கோணலாப் போட்டுட்டீங்கண்ணா."

"ஆமா. அது எனக்கு வரல."

"அடுத்த வாட்டி சரியாப் போடுங்க" என்றான்.

பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அற்புதராஜ் தன் பஸ் வரும்வரை அங்கேயே நின்றார். அது வர வெகுநேரம் ஆயிற்று.